தீம்பாரில் கிராவல் சைக்கிள் ஓட்டுவது எப்படி?

முதலில் பணம் வேண்டும். தைரியம், தொடைவலு, இயற்கைமேல் காதல் எல்லாம் பிறகு தானாக வரும். வராவிட்டாலும் படம் எடுத்துப் போடத் தடையில்லை.

கிராவல் சைக்கிள் என்றால் பந்தய சைக்கிளின் வளைந்த கைப்பிடியும் அதைவிடத் தடித்த டயரும் உள்ள வண்டி. தார் ரோட்டிலும் ஓடும், கல்லும் மண்ணும் கிடக்கிற ரோட்டிலும் ஓடும். 2006இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற ஊரைச் சுற்றியுள்ள பண்ணைச் சாலைகளில், 34 பேர் கூடி 200 மைல் பந்தயம் ஓட்டினார்கள். 2022இல் இத்தாலியின் வெனெத்தோ வட்டாரத்தில் இதற்கு உலகப் போட்டியே வைத்துவிட்டார்கள். இடையில் மத்தியதரைக் கடலோரத்துப் பைன் காடுகளும், நாரை நிற்கும் ஆற்றுச் சதுப்புகளும் விளம்பரப் படங்களில் இடம் பிடித்தன. அந்தப் படங்களில் யாருக்கும் வியர்ப்பதே இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் கோலாலம்பூர் அடுக்குமாடியில் இருக்கிற நமக்கும் மண் ரோட்டில் போக ஆசை வந்தது. நம்மில் பாதிப் பேருடைய தாத்தா, பிள்ளையாவது மண் ரோட்டை விட்டுத் தப்பட்டும் என்றுதான் பள்ளிக்கூடம் அனுப்பினார். அது வேறு விஷயம்.

கடையில் 17,000 ரிங்கிட் வண்டி ஒன்றைக் காட்டுவார்கள். அது 'நடுத்தரம்' என்பார்கள். 2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. வகுத்துப் பாருங்கள், கச்சிதமாக வருகிறது. பத்து மாதச் சம்பளத்தின்மேல் ஏறி உட்கார்ந்து செம்பனைத் தோட்டத்துக்குள் போகிறீர்கள். இந்தக் கணக்கைத் தோட்டத்தில் யாரிடமும் போட்டுக் காட்ட வேண்டாம். விலை கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். "செகண்ட் ஹேண்ட்தான், அண்ணே" என்று முகம் மாறாமல் சொல்ல வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். மனைவியிடம் சொன்ன அதே விலையைச் சொன்னால் போதும்.

இடத்துக்கு வருவோம். மலாக்காவில் பைன் காடு கிடையாது. கவலைப்படாதீர்கள், பால்மரம் இருக்கிறது. ஜாசின் பக்கம் புக்கிட் லிந்தாங், புக்கிட் அசகான், கெமண்டோர், டைமண்ட் ஜூப்ளி. அலோர் காஜா பக்கம் தெபோங், காடேக், பூலாவ் செபாங். பெயரைக் கேட்டாலே யாராவது ஒரு சித்தப்பா ஞாபகம் வரவேண்டும். வரவில்லை என்றால் வீட்டில் பெரியவர்களிடம் விசாரியுங்கள். இந்தப் பெயர்களைச் சுற்றி இன்று நிற்பது பெரும்பாலும் செம்பனை. ஆனாலும் அங்கங்கே பால்மரத் துண்டுகள் மிச்சமிருக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் போனால் மரம் இலையுதிர்க்கும். இலைகள் செம்பு நிறமாகிக் கொட்டி, தோட்டக் காடாகிய தீம்பார் முழுக்கச் சருகு. டயர் ஏறினால் மொறுமொறுவென்று சத்தம். அந்தப் படத்தை இத்தாலி என்று சொல்லிப் போட்டால் உங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் நம்பிவிடுவார்கள். அந்தப் பருவத்தில் பால் குறைந்து வெட்டு நிற்பதால் வெட்டுக்காரருக்கு வருமானமும் உதிர்ந்துபோகும். அதைப் படத்தில் காட்ட முடியாது.

இனி டயர். இதில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் போகவேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. கார் அப்போது ஊருக்குள் வந்திருக்கவில்லை. அடுத்த பத்தாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் பைத்தியம் பிடித்து ஆட்டியது. ரப்பருக்கு முதல் பெரும் கிராக்கியைக் கிளப்பியது சைக்கிள்தான். அதே சமயம் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் ஹென்றி ரிட்லி என்ற ஆங்கிலேயர், பால்மர விதைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ட முதலாளியிடமெல்லாம் "நடு, நடு" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். பைத்தியக்கார ரிட்லி என்றே அவருக்குப் பெயர். மரத்தைச் சாகடிக்காமல் தினமும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சீர்செய்தவரும் அவர்தான். அவர் பேச்சைக் கேட்டு, மலாக்காவில் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்த டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கர். அந்தத் தோட்டம் சில வருடங்களிலேயே லண்டன் கம்பெனி கைக்குப் போனது. 1910இல் டன்லப் கம்பெனியே மலாயாவில் தோட்டம் வாங்க இறங்கியது. இத்தனை மரத்தில் பால் வெட்ட ஆள் வேண்டுமே என்று கங்காணிகள் கப்பல் ஏறித் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள்.

ஆகவே உங்கள் குடும்பம் இந்த நாட்டுக்கு வந்ததற்கு பெல்ஃபாஸ்ட்டில் ஒரு சிறுவன் சைக்கிள் ஓட்டியது ஓரளவு காரணம். டயரில் காற்று அழுத்தம் சரிபார்க்கும்போது இதை நினைத்துக்கொண்டால் முழங்கால் வலி கொஞ்சம் குறையும்.

டயருக்குள் இப்போதெல்லாம் டியூப் போடுவதில்லை. பதிலாக ஒரு வெள்ளைத் திரவத்தை ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் அது ஓட்டையில் வழிந்து உறைந்து அடைத்துவிடும். சின்னப் புட்டிதான், வெளிநாட்டுச் சரக்கு, விலையைச் சொன்னால் வயிறு எரியும். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். அமோனியா வாடை அடிக்கும். தோட்டத்தில் பிறந்தவர் பக்கத்தில் இருந்தால் உடனே சொல்லிவிடுவார்: பால் ஸ்டோர் வாடை. அந்தப் புட்டிகள் பலவற்றில் இருப்பது பால்மரத்துப் பால்தான். உறையாமல் இருக்க ஸ்டோரில் அமோனியா கலப்பார்கள், புட்டியிலும் அதையே கலந்திருக்கிறார்கள். இங்கிருந்து வாளியில் போனது, புட்டியில் அடைபட்டு, விமானமேறி வந்து, அதே மரத்தடியில் உங்கள் டயரிலிருந்து ஒழுகுகிறது. காசை மிச்சம்பிடிக்கலாம் என்று பக்கத்து மரத்து மங்கிலிருந்து பாலை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். மத்தியானத்துக்குள் அது கட்டிப்பாலாகிவிடும். தவிர, அது வெட்டுக்காரருடைய கூலி.

செம்பனைக்குள் புகுந்துவிட்டால் பஞ்சர் நிச்சயம். மட்டையின் அடிப்பகுதி முழுக்க முள். வெட்டிய மட்டைகளை வரிசை விட்டு வரிசை குவித்து வைத்திருப்பார்கள், ஒன்றிரண்டு ரோட்டுக்கும் வந்து கிடக்கும். பஞ்சரானால் மனம் உடைய வேண்டாம். 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்த ஜப்பானியச் சிப்பாய்களில் பலர் தீபகற்பம் நெடுக சைக்கிளில்தான் வந்தார்கள். இந்த வெயிலில் டயர் வெடித்து நாசமானபோது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிரிட்டிஷ் படையினர் டாங்கி வருகிறது என்று எண்ணிப் பின்வாங்கியதாகச் சொல்வார்கள். ரோட்டில் தடுப்பு இருந்தால் பால்மரக் காட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுவார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. கிராவல் சைக்கிளின் வரலாற்றை எழுதுகிற இத்தாலியர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். ஜப்பானியர்கள் வழியில் கண்ட சைக்கிளையெல்லாம் பறித்துக்கொண்டார்கள். பிறகு ஆட்களையும் பிடித்து சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பினார்கள். போனவர்களில் பெருந்தொகையானோர் திரும்பவில்லை.

உடுப்பு பற்றிக் கேட்பீர்கள். உடம்போடு ஒட்டிய கால்சட்டை, அதில் பஞ்சு வைத்த ஆசனப்பகுதி, பூனைக்கண் கண்ணாடி, ஒட்டகம்போல் முதுகில் தண்ணீர்ப் பை. எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் லயத்துப் பக்கம் போகும்போது இடுப்பில் ஒரு துண்டாவது கட்டிக்கொள்வது நல்லது. நம் கிழவிகள் கண்ணாலேயே கேள்வி கேட்பார்கள். வாயாலும் கேட்பார்கள்.

"எங்கப்பா போறீங்க இந்தப் பக்கம்?"

"சும்மா ஒரு ரவுண்டு, பெரியம்மா."

"சும்மாவா? ஏன், காரு கெட்டுப்போச்சா?"

இதற்குப் பதில் இல்லை. தேடவும் வேண்டாம். "தண்ணி கிடைக்குமா, பெரியம்மா?" என்று கேட்டுவிடுங்கள். தண்ணீர் கேட்டு வந்தவனை அந்த வாசலில் நிற்கவைத்துப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. தண்ணீரோடு பிஸ்கட், கோப்பியும், உங்கள் அப்பா பெயர், எந்தத் தோட்டம், யார் பேரன் என்ற விசாரணையும் வரும். பத்தாவது நிமிடத்தில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் சராசரி வேகம் அன்றைக்கு அவ்வளவுதான்.

சாமான் குறைவாக எடுத்துப் போங்கள். இதில் மலாக்காவுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1831 ஆகஸ்டில், வரி கட்ட மறுத்த நானிங் தலைவர் டோல் சயிட்டைப் பிடிக்க மதராஸ் படைச் சிப்பாய்கள் பீரங்கியும் மாட்டு வண்டியுமாகத் தாபோ நானிங்குக்குக் கிளம்பினார்கள். காட்டு வழி. நானிங்காரர்கள் மரங்களை வெட்டி வழியெங்கும் குறுக்கே சாய்த்துப் போட்டார்கள். வண்டி நகரவில்லை, சோறு வரவில்லை, பீரங்கிகளைக் கைவிட்டுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த வருடம் காட்டைச் சீவி அகலமாக ரோடு போட்டுக்கொண்டே, மாதக்கணக்கில் நகர்ந்து, 1832 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தார்கள். இன்று அலோர் காஜா பக்கம் நீங்கள் அந்தத் தூரத்தை ஒரு காலைப்பொழுதில் ஓட்டிவிடலாம். கைப்பிடிப் பை, சட்டப் பை, இருக்கைப் பை, கூடாரம், காப்பி அரைக்கும் இயந்திரம் என்று ஏற்றினால் சிப்பாய்கள் கதிதான். பால்வெட்டுக்காரர் ஒருவர் சைக்கிளின் இரு பக்கமும் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் ஸ்டோருக்குப் போவார். அவருக்கு கியர் கிடையாது.

கிளம்பும் நேரம் விடியற்காலை. மலாக்காவில் ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக வெளுக்கும். பத்து மணிக்கு வெயில் மண்டையைப் பிளக்கும், மூன்று மணிக்கு இடிமழை. இடைப்பட்ட நேரத்தில் ஓட்டலாம். வெட்டுக்காரர்கள் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு போனதற்குக் காரணம் துரை கொடுமை மட்டும் இல்லை. குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். உங்களுக்கும் அதேதான். நீங்கள் ஐந்தரைக்கு எழுந்ததை உலகத்துக்கு அறிவிக்க வேண்டாம், அந்நேரம் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டே முடிந்திருக்கும்.

வழி தெரிந்துகொள்வது தனிக் கலை. செம்பனை ஒன்பது மீட்டருக்கு ஒன்றாக முக்கோண வரிசையில் நட்டது. எந்தத் திசையில் பார்த்தாலும் நேர்க்கோடு, எல்லா முச்சந்தியும் ஒரே முச்சந்தி. கைப்பேசி வரைபடத்தில் உங்கள் புள்ளி பச்சை நடுவில் அநாதையாக நிற்கும். தோட்டக்காரர்கள் துண்டுக்குத் துண்டு நட்ட வருடத்தை எழுதிப் பலகை வைத்திருப்பார்கள். 2009இல் இடதுபக்கம் திரும்பி 2014 வழியாக 2003க்கு வா என்று யாராவது வழி சொன்னால் ஆளைச் சந்தேகிக்காதீர்கள். அதைவிட நம்பகமானது கோயில். லயம் இருந்த இடத்தில் மாரியம்மன், காட்டு விளிம்பில் முனீஸ்வரன், பழைய கள்ளுக்கடைப் பக்கம் மதுரை வீரன். லயத்தை இடித்திருப்பார்கள், பள்ளிக்கூடம் டவுனுக்கு மாறியிருக்கும், ஆட்கள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சாமியை மட்டும் பெயர்க்க முடிந்திருக்காது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குக் காரில் திரும்பி வருவதற்காகவே அந்த ரோட்டில் கல் கொட்டி வைத்திருப்பார்கள். நல்ல கிராவல் ரோடு வேண்டுமா, கோயில் உள்ள பக்கம் திரும்புங்கள். முனி முன்னால் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றுவது மரியாதை. சுருட்டு வைத்திருக்கிற இடத்தில் உங்கள் குளுக்கோஸ் பாக்கெட் உறையைப் போட்டுவிட்டு வராதீர்கள். உண்டியலில் ஏதாவது போடுங்கள்.

நாய். எல்லா வழிகாட்டியும் நாயைப் பற்றி எழுதும், ஒன்றும் பயன்படாது. தோட்டத்து நாய் மோட்டார் சைக்கிளை விட்டுவிடும், லாரியை விட்டுவிடும். சத்தமில்லாமல் வழவழவென்று வருகிற காலைத்தான் துரத்தும். வேகமாக மிதித்தால் அதற்கு விளையாட்டு. இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, "டேய், போடா!" என்று அடிவயிற்றிலிருந்து தமிழில் கத்துங்கள். ஆங்கிலத்தில் கத்தினால் துரை வீட்டு ஆள் என்று நினைத்து இன்னும் குரைக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நாகம் உண்டு, எலி தின்ன வரும். எலிக்காகவே கூகைக்குக் கம்பத்தில் பெட்டி கட்டி வைத்திருப்பார்கள். நின்று பாருங்கள், பகலில் அது உங்களைக் கண்டுகொள்ளாது. குலை வெட்டும் மரத்தடியில் மட்டும் நிற்காதீர்கள். இருபது கிலோ குலை தலைக்கவசத்தின் தரச் சான்றிதழைப் படித்துவிட்டு விழாது. பூவில் மொய்க்கிற குட்டி வண்டுகளையும் கவனியுங்கள். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டவை. அதற்கு முன்னால் அந்த மகரந்த வேலையை மரம் மரமாகப் போய்ச் செய்தவர்கள் ஆட்கள், அதிலும் பெண்கள். வண்டு வந்தது, வேலை போனது.

ஆற்றுச் சதுப்பு வேண்டும் என்று அடம்பிடித்தால் லிங்கி ஆற்றுப் பக்கம் போங்கள். மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் எல்லை அது. கோலா லிங்கியில் கடலில் சேரும். இருபுறமும் நீப்பாவும் அலையாத்தியும், சேற்றில் துள்ளும் மீன், மீன்கொத்தி, கொக்கு. ஐரோப்பியப் படத்தில் இருப்பதெல்லாம் இருக்கிறது, கூடவே முதலையும் இருக்கிறது. உப்புநீர் முதலை. டயரில் ஒட்டிய சேற்றைக் கழுவ ஆற்றில் இறங்காதீர்கள். வீட்டுக்குப் போய்க் குழாயில் கழுவுங்கள். தெற்கே ஜொகூர் எல்லையில் கெசாங் ஆறு. அந்தப் பக்கம் லேடாங் மலை, 1,276 மீட்டர், பார்க்க அழகு, ஓட்ட வேண்டாம். மலையடிவாரத்தில் அசகான். 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே கிளம்பிய ரோடு இது. நூறு கிலோமீட்டர் முடித்ததாக இங்கே நின்று பெருமையடிக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். மலாக்காவில் மழை ஊற்றுமே என்று நம்பக்கூடாது. 1991இல் டுரியான் துங்கல் அணையே வறண்டு, மாநிலம் முழுக்கக் குடத்தோடு வரிசையில் நின்றது.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜாசினிலும் மெர்லிமாவிலும் தோசைக்கடை உண்டு. ஆயிரம் கலோரி எரித்ததாகக் கடிகாரம் காட்டும். மூன்று ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் அதை ஈடுகட்டிவிடும்.

கடைசியாக அனுமதி. தோட்டம் தனியார் நிலம். குலைத் திருட்டு நடப்பதால் ஜாகாவுக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம், முகமூடியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டவனைக் கண்டால் இரட்டைச் சந்தேகம். கேட்டில் நின்று, கண்ணாடியைக் கழற்றி, மலாய்க்காரர் என்றால் பாக்சிக், தமிழர் என்றால் அண்ணே, வங்காளதேசத்துத் தம்பி என்றால் பாய் என்று கூப்பிட்டு, எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லுங்கள். முந்தின நாளே தோட்ட ஆபீசில் கேட்டு வைத்தால் இன்னும் நல்லது. முடியாது என்றால் திரும்பிவிடுங்கள், பக்கத்துக் கம்போங் ரோடு யாருக்கும் பூட்டு போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை போங்கள், குலை லாரி குறைவாக ஓடும்.